பட்டாணி வயலோரம் எடுத்த படம்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 101ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் மூன்று மணி நேரம் ஓட்டினால் நிப்போமோ வரும். சுற்றுலாப் பயணிகள் நிற்காமல் கடந்துபோகும் சிற்றூர். நிற்பதில் என் கணவருக்கும் விருப்பமில்லை; சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர இருட்டிவிடுமாம். நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்க்கும் ஒரு தாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் தோள்களில் சாய்ந்த இரண்டு பிள்ளைகள். மடியில் கைக்குழந்தை. எடுத்த இடம் இந்த ஊர்.

1936 மார்ச். உலகப் பொருளாதார மந்தம். பட்டாணிப் பயிர் குளிரில் கருகிவிட, பறிக்க வந்த கூலிக் குடும்பங்கள் வேலையும் இல்லாமல், வேறிடம் போகக் காசும் இல்லாமல் கூடாரங்களில் கிடந்தன. அரசாங்கத்துக்காகக் கிராமத்து வறுமையைப் படமெடுத்துவந்த டோரத்தியா லாங், ஒரு மாத வேலை முடித்து மழையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். முகாமின் பெயர்ப்பலகையைத் தாண்டி 20 மைல் போனவர், மனம் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். பத்து நிமிடம் இருந்திருப்பார். வயதைக் கேட்டார், 32. பெயரைக் கேட்கவில்லை.

படங்கள் நாளிதழில் வந்ததும் முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு போய்ச் சேர்ந்தது. அதற்குள் அந்தத் தாய் அடுத்த வயலைத் தேடிப் போய்விட்டார்.

ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் உலகுக்குத் தெரிந்தது 1978இல்தான். செரோக்கி பூர்வகுடிப் பெண். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றார். பசிக்கு அவர்கள் கார் டயர்களை விற்றதாக லாங் குறித்திருந்தார். மகனோ, விற்க எங்களிடம் வேறு டயரே இல்லை, வண்டியில் இருந்த டயரில்தான் அங்கிருந்து கிளம்பினோம் என்றார். எனக்கு இந்த டயர் விஷயம்தான் உறுத்தியது. அவ்வளவு சின்ன விஷயத்தைத் திருத்தக்கூட, யாராவது தேடி வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே மந்தத்தில் ரப்பர் விலை விழுந்து, மலாயாவிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். என் பாட்டியின் பெற்றோர் எப்படியோ தங்கிவிட்டார்கள். அவர்கள் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அக்காலத்து அஞ்சலட்டைகளில் நம்மவர் முகங்கள் உண்டு. கீழே ‘தமிழ்க் கூலி’ என்றிருக்கும், அவ்வளவுதான்.

நிப்போமோவைச் சுற்றி இப்போது ஸ்ட்ராபெரி வயல்கள். குனிந்து பறிப்பவர்களில் பலர் மெக்சிகோவின் ஒஹாக்காவிலிருந்து வந்தவர்கள். ஊர்த் தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு லாங்கின் பெயர்.

ஃபுளோரன்ஸுக்கு அந்தப் படத்தால் பணம் வந்தது ஒரே முறை. 1983இல் நோயில் படுத்தபோது பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். 30,000 டாலருக்கும் மேல் சேர்ந்தது. அந்த ஆண்டே அவர் இறந்தார். கல்லறை ஹியூசன் என்ற ஊரில் இருக்கிறது. எங்கள் வழியில் இல்லை.

படம் வேண்டுமென்றால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.