கூப்பிட்டால் போய்ச் சேர வேண்டும்

இளையரசனேந்தலில் பட்டா மாற்ற வேண்டுமானால் கோவில்பட்டி தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டும். முன்பு சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த இந்தக் குறுவட்டம் வருவாய்க் கணக்கில் கோவில்பட்டிக்கு மாறிவிட்டது. ஊராட்சிகளோ குருவிகுளம் ஒன்றியத்திலேயே தங்கிவிட்டன. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அந்த ஒன்றியம் அந்தப் பக்கம் போனது. நிலம் தூத்துக்குடிக் கலெக்டருக்கு, குடிதண்ணீர்க் குழாய் தென்காசிக் கலெக்டருக்கு. “எங்க ஊருக்கே ரெண்டு ஜோன் சார், அதான் எனக்கு இந்த வேலை சீக்கிரம் பிடிபட்டுச்சு” என்றான் அந்த ஊர்ப் பையன்.

அவன் பார்ப்பது வீடியோ கான்ஃபரன்ஸ் கருவிகளை இணைக்கும் வேலை. அவனுக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறான். கோவில்பட்டி சுரங்கப்பாதையைத் தாண்டிக் கரிசல் காட்டுக்கு நடுவே போகும் சாலையில், கருவிகள் ஏற்றிய வேனில் அவர்களோடு போனேன். ஒரு மருத்துவமனை தன் கிளை மையங்களைத் தலைமையகத்து டாக்டர்களோடு வீடியோவில் இணைக்கிறது. கேமரா, திரை எல்லாம் முன்பே மாட்டியாகிவிட்டது. பாக்கி இருந்தது கண்ணுக்குத் தெரியாத வேலை.

“மணி அடிக்கு, எடுத்தா படம் வரல.” இவர்கள் காதில் அதிகம் விழும் புகார் இதுதான். 1996-ல் வீடியோ அழைப்புக்கான எச்.323 நெறிமுறை வந்தபோது, நடுவில் ஒரு ஃபயர்வால் நின்று உள்முகவரிகளை மாற்றிப் போடும் என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை. மையத்தில் இருக்கும் கருவி ‘படத்தை இங்கே அனுப்பு’ என்று 192.168-ல் தொடங்கும் தன் உள்முகவரியைச் செய்திக்குள்ளேயே எழுதிவிடுகிறது. ஃபயர்வால் உறையின் மேல் இருக்கும் முகவரியைத்தான் மாற்றும். உள்ளே இருக்கும் கடிதத்தைப் பிரிக்காது. எதிர்முனை அந்த உள்முகவரியை நம்பிப் படத்தை அனுப்புகிறது. அது எங்கே போய்ச் சேரும்?

ஃபயர்வாலுக்கு உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி என்று வைப்பது இதற்கு மருந்து. உள்ளே இருப்பது தானாக வெளியே கூப்பிட்டு, அந்த இணைப்பை அறுந்துவிடாமல் வைத்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வரும் அழைப்பு ஏற்கெனவே திறந்திருக்கும் அந்த வழியாகவே உள்ளே நுழையும். இதற்கான எச்.460.18, எச்.460.19 என்ற தரங்கள் 2005-ல் வந்தன. அண்ணாச்சி கை பழகியது நார்வேயின் டேண்ட்பெர்க் செய்த பெட்டியில். அந்த நிறுவனத்தை 2010-ல் சிஸ்கோ வாங்கியது. இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் இருப்பதை ட்ராவர்சல் ஜோன் என்கிறார்கள். பக்கத்தில் உள்ள இன்னொரு பெட்டியோடு நேரடியாகப் பேச நெய்பர் ஜோன். ஊர் பேர் தெரியாத முகவரிகளுக்கு டிஎன்எஸ் ஜோன்.

ஜோன் எழுதுவது பெரிய வித்தை இல்லை. எந்த எண் எந்த ஜோனுக்குப் போக வேண்டும் என்று சர்ச் ரூல் எழுதுவதில்தான் ஆளின் கைவரிசை தெரியும். ஒவ்வொரு விதிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. சின்ன எண் முதலில் ஓடும். பொருந்தினால் அங்கேயே நில், அல்லது அடுத்த விதியையும் பார் என்றும் சொல்லலாம். இந்த மருத்துவமனையின் உள்பெட்டியில் முன்பு யாரோ ‘எதுவானாலும் வெளியே அனுப்பு, அதோடு நில்’ என்றொரு விதியை எல்லாவற்றுக்கும் மேலே எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்து அறையைக் கூப்பிட்டாலும் அழைப்பு வெளியே ஓடியது. வெளிப்பெட்டியிலோ, தெரியாத எண்ணை உள்ளே அனுப்பு என்று இன்னொரு விதி. இத்தனை தாவலுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு மட்டும் இல்லையென்றால் அந்த அழைப்பு இரண்டுக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருந்திருக்கும். ஒரு பட்டாவுக்காக இரண்டு அலுவலகமும் மாற்றி மாற்றி அனுப்ப, அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அங்கே அப்படி ஒரு வரம்பும் கிடையாது.

அண்ணாச்சி எதையும் புதிதாக எழுதவில்லை. தேவையில்லாததை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தார். எஞ்சிய விதிகள் ஒரே திரையில் அடங்கின. நல்ல கைக்கு இதுதான் அடையாளம் என்று எனக்குப் பட்டது.

அடுத்து பேண்ட்விட்த். கிளை மையத்து லைன் மெலிசு. அழைப்புக்கு வரம்பு போடாவிட்டால் பேசுகிறவர் முகமே லைனை முழுதாகத் தின்றுவிடும்; டாக்டர் பார்க்க வேண்டிய ஸ்கேன் படம் வரிசையில் நிற்கும். முகம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, குரல் அறுபடக் கூடாது என்று ஒரு அழைப்புக்கு நொடிக்கு 768 கிலோபிட் வைத்தார்கள். தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து நெடுந்தூர வைஃபை வழியே கிராமக் கண் மையங்களை இணைத்த கதையும் பேச்சில் வந்தது. அங்கே அவர்களைப் பெரும்பாடு படுத்தியது மின்சாரம். அதைச் சொன்னதும் பையன் எழுந்து போய் யுபிஎஸ் பேட்டரியைப் பார்த்துவிட்டு வந்தான்.

எல்லாம் முடிந்து சோதித்தபோது நர்ஸ் எண்ணை அழுத்தினார். அழைப்பு போகவில்லை. வெளியூர் என்பதால் எஸ்டிடி பழக்கத்தில் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டிருந்தார்.

“அக்கா, பூஜ்யம் வேண்டாம், நாலு இலக்கம் மட்டும் போடுங்க” என்றான் பையன்.

அண்ணாச்சி திரும்பினார். “ஏலே, அடுத்த மாசம் வேற நர்ஸ் வரும். அதுக்கும் வந்து நின்னு சொல்லிக்கொடுப்பியா?”

முன்னால் பூஜ்யம் இருந்தால் அதை வெட்டிவிட்டு மீதியை அனுப்பு என்று ஒரு விதி எழுதினார். எழுதியதும், எண் பட்டியலில் பூஜ்யத்தில் தொடங்குவது வேறு ஏதாவது இருக்கிறதா என்று இருவரும் மேலிருந்து கீழே பார்த்தார்கள். ஒன்று இருந்தது, ஆபரேஷன் தியேட்டர். அதற்கு மட்டும் தனியாக, இதைவிடச் சின்ன முன்னுரிமை எண்ணில் இன்னொரு விதி எழுதினார்கள்.