விடுபட்ட திகதி

2019 ஜனவரி முதலாம் திகதி, மட்டக்களப்பில் பாதர் பென் மில்லர் காலமானார் என்ற செய்தி கல்முனைக்கு வந்தது. அமெரிக்காவில் பிறந்தவர். 1948இல் இயேசு சபைத் துறவியாக வந்து, புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தார். யுத்தம் வந்தபோதும் ஊர் திரும்பவில்லை. பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் சொன்னதையெல்லாம் எழுதி வைத்தார்.

அவருடைய சபைத் தோழர் பாதர் ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர். வந்து சேரவில்லை, கூடப்போன தமிழ்ப் பொடியனும்தான்.

அதே மாதம் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். பிறகு ஏறாவூர். ஆகஸ்ட் வந்தால் இவ்விரண்டையும் எழுதுவேன். 15ஐ எழுதியதில்லை. அது அவர்களுடைய இழப்பு என்று விட்டிருந்தேன்.

மில்லரின் மரணச் செய்தியை வாசித்த அன்றுதான் வெட்கப்பட்டேன். இப்போது என் குறிப்பேட்டில் அந்தத் திகதியும் இருக்கிறது.