பாட்டா, படிப்பா?

பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களை இந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. இதற்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒருவரைத் தோழியருக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறோம்.

அவர் விஜய் ஐயர். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் பிறந்தவர். ஜாஸ் பியானோக் கலைஞர், இசையமைப்பாளர். ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்த இசை. நம் கச்சேரியில் கற்பனை ஸ்வரம் பாடுவதுபோல, அதிலும் மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பார்கள்.

மூன்று வயதில் வயலின் கற்கத் தொடங்கிய அவர், பியானோவைப் பெரும்பாலும் காதால் கேட்டுத் தாமே பழகினார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். மேற்படிப்புக்குப் பெர்க்லி சென்றபோதும் இசையை விடவில்லை. இயற்பியலிலிருந்து விலகி, மனமும் உடலும் இசையை உணரும் விதத்தை ஆராய்ந்து 1998இல் முனைவர் பட்டம் பெற்றார். 2011இல் பிரசன்னாவின் கிட்டார், நிதின் மிட்டாவின் தபலாவுடன் ‘தீர்த்தா’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2013இல் மெக்ஆர்தர் நல்கை அவருக்குக் கிடைத்தது. 2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

கணக்கு அவருடைய இசையைக் கெடுக்கவில்லை. தாளமே கணக்குத்தானே! எங்கள் திருக்காட்டுப்பள்ளியருகே காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. பிரிந்தாலும் இரண்டும் வயலுக்குத்தான் பாய்கின்றன.

அரசுத் தேர்வு வருகிறதென்று எங்களில் சிலர் வீட்டில் கீபோர்டு பரண்மேல் ஏறிவிட்டது. பெற்றோரின் கவலை எங்களுக்குப் புரிகிறது. மதிப்பெண்ணுக்கு நாங்கள் பொறுப்பு. அன்புப் பெற்றோரே, நாளுக்கு அரைமணி நேரம் மட்டும் எங்கள் விரல்களுக்குத் தாருங்கள்!