மஞ்சள் பின், வெள்ளை பின்

2020 ஜூன் 21

19ஆம் தேதியிலிருந்து மறுபடி முழு ஊரடங்கு. சென்னையோடு கும்மிடிப்பூண்டியையும் சேர்த்துவிட்டார்கள். மில்லில் ஷிப்ட் கிடையாது. “கூப்பிடுறப்ப வாங்க” என்கிறார் கான்ட்ராக்டர்.

ஜூன் 24

போன் வரவில்லை.

ஜூலை 17

மகள் பத்தாவது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடுகிறது. ஆனால் ஒருமுறை போனால் போனதுதான்; நடுவில் கரண்ட் போனால் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி யூடியூபிலிருந்து பாடங்களை இறக்கிப் பென் டிரைவில் தந்தான். வீட்டில் இருக்கும் ஒரே போனை நான் கீழே வைப்பதில்லை, எந்த நேரமும் மில்லிலிருந்து அழைப்பு வரலாமே.

பரணில் தங்கச்சியின் லேப்டாப். பிளஸ் டூவில் அரசு தந்தது. பட்டனை அழுத்தினால் உயிர் வருகிறது, ஸ்கிரீன் மட்டும் கருப்பு. கூடத்தில் கலைஞர் ஆட்சியில் தந்த டிவி, 14 அங்குலம், இன்னும் ஓடுகிறது. இதை அதில் மாட்டினால் என்ன?

லேப்டாப்பில் இருப்பது விஜிஏ. டிவியில் மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டே துளை. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே இல்லை! கலைஞர் டிவி கொடுக்க ஆரம்பித்தது 2006 செப்டம்பர் 15. அம்மா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது 2011 செப்டம்பர் 15, நம்ம மாவட்டத்துக் காக்களூரில். இரண்டும் அண்ணா பிறந்தநாள், இரண்டையும் வாங்கித் தந்தது எல்காட். இடையில் ஒரு வயர் யாருக்கும் தோன்றவில்லை.

ஜூலை 18

“அதுக்கான வயரு சென்னை ரிச்சி தெருவுல கிடைக்கும்ணே” என்றான் பக்கத்து வீட்டுத் தம்பி. ரயில் எங்கே ஓடுகிறது?

ஜூலை 23

சிசிடிவி மாட்டும் தம்பியிடம் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி கிடந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. காசு வேண்டாம் என்றுவிட்டான்.

ஒரு பக்கம் விஜிஏ, மறுபக்கம் மஞ்சள் பின். கரண்ட் யூஎஸ்பியிலிருந்து. விஜிஏவில் சத்தம் வராது. ஹெட்போன் துளையிலிருந்து தனி வயர் இழுத்து வெள்ளையை மாட்டினேன். டிவிக்கு ஒரே ஸ்பீக்கர், சிவப்பு சும்மா தொங்குகிறது. ஸ்கிரீன் தெரியாததால் குருட்டாம்போக்கில் விண்டோஸ் சாவியோடு பி-யை அழுத்தி, அம்புச் சாவி, என்டர். வந்தது! ஆனால் கருப்பு வெள்ளையில். பெட்டியின் பொத்தான் என்டிஎஸ்சியில் இருந்தது. நம்ம ஊர் டிவிக்கு வேண்டியது ‘பால்’ (PAL) முறை. மாற்றியதும் டீச்சரின் புடவை பச்சையானது.

மில்லில் 440 வோல்ட் பேனலை அசால்ட்டாகத் திறப்பவன், 5 வோல்ட்டுக்குக் கை நடுங்குகிறேன். மகள் சிரித்தாள். ரொம்ப நாளாயிற்று அவள் சிரித்து.

ஜூலை 25

எழுத்து நடுங்குகிறது. x-இன் தலையில் இருப்பது 2-ஆ 3-ஆ, தெரியவில்லை. 800க்கு 600 வைத்துப் பார்த்தேன். இந்த டிவியில் தெரியும் கோடுகளே 576. டீச்சர் வாயால் சொல்வதைக் கேட்டுத்தான் எழுதுகிறாள். சொல்லாமல் போர்டில் மட்டும் எழுதினால் கோபம் வருகிறது அவளுக்கு. டிவி மீதா, என் மீதா?

ஜூலை 26

எரிச்சல். யாரிடமும் பேசவில்லை.

ஆகஸ்ட் 4

கணக்கு நோட்டைத் தற்செயலாகப் புரட்டினேன். சந்தேகமான இடமெல்லாம் பென்சிலில் இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்து, விடை பொருந்தாததை அடித்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 9

பொன்னேரியிலிருந்து தங்கச்சி போன். அவள் பையனுக்கும் ஆன்லைன் வகுப்பாம். “அண்ணே, என் லேப்டாப் ஓடுதாமே?”

ராத்திரி சொல்கிறேன் என்றேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. மில்லிலிருந்தும் தகவல் இல்லை.