தழும்புக்குள் ஒரு கட்டி

அக்காவின் சிசேரியன் தழும்பு ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. மாதவிலக்கு நாட்களில் வீங்கிவிடும். பாவாடை நாடா பட்டாலே துடித்துப்போவாள். "தையல் நூல் உறுத்துது, சரியாயிடும்" என்றே நாலு வருஷம் ஓட்டினார்கள்.

கடைசியில் தெரிந்தது, எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்வரித் திசு ஆபரேஷனின்போது வெட்டுவாயில் ஒட்டி, அங்கேயே வளர்ந்திருக்கிறது. அது புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. மாறினால் பெரும்பாலும் கிளியர் செல் வகை, பொல்லாதது; பல வருஷம் கழித்தும் வரும்.

சுற்றிலும் 1 செ.மீ. நல்ல சதையோடு சேர்த்து எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வரும்வரை அக்கா தழும்பின்மேல் கை வைத்தபடியே படுத்திருந்தாள். புற்று இல்லை!

தழும்பில் மாதாமாதம் வலிக்கிறதா? தேதி குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள். கட்டி வேகமாகப் பெருத்தாலோ, மாதவிலக்கு நின்ற பிறகும் வலித்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.