பெட்டி சொன்ன சேதி

"ஏம்மா, இது என்ன பத்தாயமா? நெல்லு கொட்டி வைக்கப் போறானா உன் புருஷன்?"

கூடத்தின் நடுவில் நின்ற மரப்பெட்டியைப் பார்த்து என் மாமியார் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. எங்களுடையது தாம்பரத்தில் ஒரு சின்ன வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கை அறை, ஒரு சமையலறை. நாங்கள் இருவர், மாமியார், ஆறு வயதுப் பையன், இரண்டரை வயதுப் பெண் என்று ஐந்து ஜீவன்கள். அதில் முழங்காலுக்கு மேல் உயரமாக இரண்டு பெட்டிகள் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்!

2017-ம் வருஷ தீபாவளி சமயம் அது. போனஸ் பணத்தில் ஒரு பீரோ வாங்கலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இவரோ ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டைச் சுமந்துகொண்டு வந்து நின்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்துக்கு உப்புப் போட மறந்தே போனேன்.

"என்னங்க, இருக்கிற ரேடியோவிலேயே பாட்டு கேக்குதே, போதாதா?" என்றேன்.

"அதுல பாட்டு கேக்கும். மிருதங்கம் கேக்காது" என்றார்.

இவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. வேறு வழியில்லாமல் டார்ச் பிடிக்கவும், பசை தடவவும், திருகாணி எடுத்துக் கொடுக்கவும் நான்தான் கையாள். அப்படி நின்றதில் எனக்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்துவிட்டது.

நம் காதுக்குக் கேட்கும் ஒலி, நொடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை பரந்திருக்கிறதாம். ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வோ, அத்தனை ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கீழே, ஜால்ரா மேலே. கீழ் ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெரிய தட்டு. அதன் பெயர் வூஃபர். ஆனால் பெரிய தட்டு மேல் ஒலிகளுக்கு லாயக்கில்லை. டார்ச் வெளிச்சம் மாதிரி நேராக மட்டும் போகும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்குச் சரியாகக் கேட்காது. அதனால் மேல் ஒலிக்கென்று ட்வீட்டர் என்று ஒரு சின்ன ஸ்பீக்கர் தனியாக. இவர் 1,500 ஹெர்ட்ஸில் பிரித்தார். செம்புக் கம்பிச் சுருள் மேல் ஒலியைத் தடுத்துக் கீழ் ஒலியை வூஃபருக்கு அனுப்பும். கெபாசிட்டர் கீழ் ஒலியைத் தடுத்து மேல் ஒலியை ட்வீட்டருக்கு அனுப்பும். ரவையையும் மாவையும் பிரிக்கிற சல்லடை என்று நான் புரிந்துகொண்டேன்.

பெட்டியும் மனம் போன போக்கில் செய்வதல்ல. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் 1961-ல் இதற்குக் கணக்கு எழுதினார். 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். ஸ்பீக்கரின் குணத்தைச் சொன்னால் பெட்டியின் கொள்ளளவு வந்துவிடும். எங்கள் பெட்டி 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில், உள்ளளவு 60, 40, 33 சென்டிமீட்டர். ஏறக்குறைய 80 லிட்டர். காற்று வந்து போக, ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் குறைவாக நாலு அங்குல பி.வி.சி. குழாய். உள்சுவரில் ஒட்டப் பஞ்சு வேண்டும் என்றார். மாமியாரின் பழைய தலையணை ஒன்று அதற்குப் பலியானது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் பெட்டி தயார். ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம் என்று முதலில் வூஃபருக்கு மட்டும் ஒயரைப் பற்றவைத்தார். ரேடியோவில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மொத்தையாக இருந்தது. குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை. 'செய்திகள்' என்பது 'ஏய்..இகள்' என்று காதில் விழுந்தது. எங்கள் சின்னவள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு குஷியாகச் சிரித்தாள்.

அடுத்து வூஃபரைக் கழற்றிவிட்டு ட்வீட்டரை மட்டும் போட்டார். வெறும் ஜால்ராவும் 'ஸ்ஸ்' என்ற சத்தமும்தான். பையன் சமையலறையிலிருந்தே, "அப்பா, காது கூசுது!" என்று கத்தினான். கொல்லைப்பக்கம் இருந்த மாமியார், "என்னடா அது?" என்று எட்டிப் பார்த்தார். பெட்டிக்கு ஒரு கஜ தூரத்தில் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த சின்னவள் மட்டும் திரும்பவே இல்லை.

"நல்ல அழுத்தக்காரி! அப்பாவைக் கண்டுக்கறாளா பாருங்க" என்று நான் சிரித்தேன். இவரும் சிரித்தபடியே மறுபடி வூஃபரைப் போட்டார். சட்டென்று திரும்பினாள். ட்வீட்டரைப் போட்டார். திரும்பவில்லை. மூன்றாவது தடவை எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

எனக்கு அடிவயிறு சில்லிட்டது. 'சாதம்' என்பதை அவள் 'ஆதம்' என்பாள். 'சிங்கம்' அவளுக்கு 'இங்கம்'. மழலை, மழலை என்று கொஞ்சிக்கொண்டிருந்தோம். சற்று முன் அந்தப் பெட்டி பேசியதும் இதே பாஷைதானே!

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கதவு படாரென்று சாத்தினால் ஓடி வருவாள். லாரி போனால் ஜன்னலுக்குப் போவாள். அதனால் காதைப் பற்றி யாருக்குமே சந்தேகம் வரவில்லை. ஆனால் குக்கர் விசிலுக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறாளா? அவள் பிறந்த இடத்தில் காதுப் பரிசோதனை என்று யாரும் பேச்செடுக்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் விட, "சொன்ன பேச்சைக் கேக்கவே மாட்டியா?" என்று நான் அவள் முதுகில் வைத்த அடிகள்... அதை எழுதும்போது இன்றைக்கும் கை நடுங்குகிறது.

மறுநாளே காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் ஓடினோம். அவர் ஆடியாலஜிஸ்டிடம் அனுப்பினார. குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் சின்னச் சின்ன வில்லைகள் ஒட்டி எடுக்கும் 'பெரா' பரிசோதனை. அப்புறம் விளையாட்டுக் காட்டியே எடுக்கும் சோதனைகள். முடிவில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். கீழ் ஒலிகள் ஏறக்குறைய சரி. போகப் போகக் கோடு சரிந்து கீழே விழுந்திருந்தது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ட்வீட்டர் கழட்டின பெட்டி" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

இரண்டு காதுக்கும் கருவி வைத்தோம். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் போனோம். அங்கேதான் ஒரு உண்மை தெரிந்தது. இந்த மாதிரிக் குழந்தையிடம் கத்திப் பேசிப் பிரயோஜனமில்லை. 'ஆ', 'ஓ' போன்ற ஒலிகளின் பலம் கீழ்ப் பகுதியில் இருக்கிறது. 'ஸ' போன்றவை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. கத்தினால் கேட்கிற ஒலிதான் இன்னும் பெரிதாகும், கேட்காதது தெளிவாகாது. பக்கத்தில் போய், முகம் பார்த்து, டி.வி.யை நிறுத்திவிட்டு, நிதானமாகப் பேச வேண்டும்.

கருவி வைத்த மறுநாள் காலை குக்கர் விசில் அடித்தது. சின்னவள் திடுக்கிட்டு, என் புடவையைப் பிடித்துக்கொண்டு, மேலே கீழே தேடினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு அழுதேன். மாமியாரும் அழுதார். 'பசிக்குது' என்று அந்த 'சி'யோடு அவள் சொல்ல மேலும் பத்து மாதம் ஆயிற்று. இப்போது பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பாட்டில் அவள்தான் முதல்.

சகோதரிகளே, உங்களிடம் சொல்ல வேண்டியது இதுதான். தட்டைத் தட்டினால் குழந்தை திரும்புகிறது என்பதை வைத்துக் காது சரி என்று முடிவு கட்டாதீர்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நிச்சயம் செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற அரசுத் திட்டத்தில், குழந்தைகளின் பிறவிச் செவிக்குறையும் அடங்கும். பிறந்தபோது தேறிய குழந்தைக்கும் பின்னால் குறை வரலாம். ஆகவே ச, ஸ போன்ற எழுத்துகள் தொடர்ந்து விடுபட்டால், முதுகுக்குப் பின்னால் மெதுவாகக் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், தாமதிக்க வேண்டாம். வீட்டில் ஸ்பீக்கர் வைத்துச் சோதிப்பது சந்தேகம் வரத்தான் உதவும். முடிவு சொல்ல வேண்டியவர் ஆடியாலஜிஸ்ட்தான்.

பெட்டிகள் இரண்டும் இன்னமும் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. சத்தத்தைக் குறைவாக வைத்துத்தான் கேட்கிறோம். பெரிய வூஃபர் என்பதால் மெதுவாக வைத்தாலும் மிருதங்கம் கேட்கத்தான் செய்கிறது. மேலே இஸ்திரி போட வேண்டிய துணிகள் எப்போதும் குவிந்திருக்கும். பீரோ இன்னும் வாங்கவில்லை. அதைப் பற்றி நான் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.