கேமராவுக்குள் வராத மின்மினி

வானொலியில் பேசுவது என் தொழில். படம் பிடிப்பது ஆசை. சென்ற மாதம் அம்மாவுடன் கோலசிலாங்கூர், கம்போங் குவாந்தானுக்குப் போயிருந்தேன். முழங்கால் வலியால் அம்மா படகில் ஏறவில்லை. "நல்லா நாலு படம் பிடிச்சிட்டு வாடா" என்று படகுத்துறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்கள். கிளையெல்லாம் மின்மினிகள், ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணைந்தன. இணையை அழைக்கும் வெளிச்சம் அது. அதனால் ஃபிளாஷ் போடக்கூடாது. ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க, கேமரா சில வினாடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். துடுப்புப் படகு அசையாமல் நிற்குமா? எடுத்த 12 படமும் ஒரே கறுப்பு.

"ஒண்ணுமே தெரியலையே?" என்றார் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததை மரம் மரமாகச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே சிரித்தார். அப்போது ஒரு படம் எடுத்தேன்.

நண்பர்களுக்கு அனுப்பியது அந்த ஒன்றைத்தான். "மின்மினி எங்கே?" என்று கேட்டார்கள். நேரில் போய்ப் பாருங்கள் என்றேன். நீங்களும் போங்கள், படகில் ஏறுமுன் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.